வாய்க்கட்டு

பழைய வேட்டியின் கரையைக் கிழித்து அப்பாவின் தாடைக்குக் கீழே கொடுத்தாள் கலைச்செல்வி. முடிச்சுப் போடுவதற்கு முன் வாயை மூடப் பார்த்தாள். மூடவில்லை. இரண்டு விரல்களைத் தாடையெலும்பின் மேல் வைத்து அழுத்தினாள். பிறகு கையைக் கழுத்தின் பின்புறம் கொண்டுபோய் மெல்ல அசைத்துப் பார்த்தாள்.

“எத்தன மணிக்குண்ணா?”

“ஆறு இருக்கும்” என்றான் இளவரசன். “மாரு வலிக்குதுன்னாரு. உனக்குப் போன் போடறதுக்குள்ள…”

அவள் நிமிர்ந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. மணி இன்னும் ஏழு ஆகவில்லை. வேறெதுவும் கேட்காமல் உச்சந்தலையில் முடிச்சை இறுக்கினாள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். இதையெல்லாம் செய்ய வேண்டிய பெரியவர்கள் எதிர்வீட்டு நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள். வாசலைத் தாண்டி ஒருவரும் வரவில்லை.

ஒரு வருடமாக அவள் கொரோனா வார்டில் நர்ஸ். முதல் அலையில் தெருவே அவளைப் பெருமையாகப் பேசியது. இரண்டாவது அலையில் இதே தெருவில் மூன்று பேர் போனதும் பேச்சு மாறிவிட்டது. பால்காரர் அவர்கள் வீட்டைத் தாண்டிப் போய் ஊற்றினார். குழாயடியில் இளவரசனின் மனைவி சுவாதியின் குடத்தை யாரோ காலால் தள்ளிவிட்டார்கள். ஒருநாள் டூட்டி முடிந்து வந்த கலைச்செல்வியின் மேல் யாரோ வீட்டு மாடியிலிருந்து பிளீச்சிங் தண்ணீர் விழுந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் வாசலில் நின்றவளுக்கு இளவரசன்தான் தண்ணீர் ஊற்றினான். ஊற்றிக்கொண்டே, “கொஞ்ச நாளிக்கி நீ குவாட்டர்ஸ்லயே இரு கலை” என்றான். அவள் அன்றைக்கே போய்விட்டாள். நடந்தால் கால்மணி நேரத் தூரம்.

“கலைக்கு லீவு குடுக்கலயா?” என்று அப்பா ஆதிமூலம் தினமும் கேட்பார். “குடுக்கல நைனா” என்று இவனும் தினமும் சொல்வான்.

இன்று விடிகாலை நான்கு மணிக்கு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. “கலைய கூப்புடுடா” என்றார். இளவரசன் போனைக் கையில் எடுத்தான். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. இப்போது அவள் வண்டி இந்தத் தெருவுக்குள் வந்தால் நாளை என்னென்ன ஆகும் என்று நினைத்தான். “வாயுவா இருக்கும் நைனா, விடியட்டும்” என்று சொல்லிவிட்டு ஓமத்தண்ணி வைக்கச் சொன்னான். சுவாதி டம்ளரோடு வந்தபோது அவர் சுவரில் சாய்ந்திருந்தார். மூச்சு நின்றிருந்தது.

ஆறேகாலுக்குத்தான் அவளுக்குப் போன் செய்தான்.

“இளவரசா!” வெளியிலிருந்து பாண்டுரங்கனின் குரல் கேட்டது. தெருவில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்படிதான் நடக்கும். இளவரசன் வாசலுக்கு வந்தான்.

“நைனாவுக்கு ஒண்ணும் அந்த நோயி இல்லியே?”

“இல்ல மாமா. நெஞ்சு வலிதான்.”

“சரி. உன் தங்கச்சிய அனுப்பிடு. புள்ளக்குட்டிக்காரங்க, பயப்படறாங்க. அது போச்சின்னா நாங்க வந்து ஆக வேண்டியதப் பாக்குறோம்.”

“அவ பொண்ணு மாமா.”

“யாரு இல்லன்னா? நீ ஒருத்தனா தூக்குவ?”

இளவரசன் எதிர்வீட்டு நிழலில் நின்றவர்களைப் பார்த்தான். உள்ளே திரும்பியபோது கலைச்செல்வி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ போவாத. நான் பேசிக்கிறன்.”

“வேணாண்ணா. நாப்பது வருஷம் மார்க்கெட் கமிட்டியில நெல்லு மூட்ட தூக்குனவரு. அவரத் தூக்க நாலு பேரு வேணும் இல்ல?”

அப்பாவின் நெற்றியில் கையை வைத்தாள். வைத்த கை அங்கேயே இருந்தது. சுவாதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனாள்.

“கலை” என்றான் இளவரசன். “ஆறு மணி இல்ல. நாலு மணி.”

“தெரியும்.”

“எப்டி?”

“தாடையத் தொட்டப்பவே தெரிஞ்சிச்சி. ஆறு மணின்னா இப்டி வெறச்சிருக்காது. எத்தன பேருக்குக் கட்டியிருக்கன்.”

“உன்னத்தான் கூப்புடச் சொன்னாரு. அப்பவே கூப்ட்டிருந்தா… பொழச்சிருப்பாரா?”

அவள் அப்பாவின் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள்.

“சொல்ல முடியாதுண்ணா” என்றாள். “தண்ணி வெதுவெதுன்னு வெச்சி ஊத்து. பச்சத்தண்ணி அவருக்கு ஆவாது.”

அவள் தெருவில் இறங்கியதும் கூட்டம் இருபக்கமும் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டது. அவள் யாரையும் பார்க்கவில்லை. அவள் தாண்டியதும் ஒரு பெண் தன் வாசலில் தண்ணீரை வாரித் தெளித்தாள். அதன் பிறகு ஆண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். மூங்கில் வந்தது, பூ வந்தது. இளவரசன் தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்து ஊற்றினான்.

பத்து மணிக்குத் தூக்கினார்கள். ஊரடங்கு என்பதால் மேளம் இல்லை, வெடி இல்லை. செருப்பில்லாத கால்களின் சத்தம் மட்டும் கேட்டது. ராஜகிரி மலைமேல் கோட்டைச் சுவர் வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

தெருமுனையில், பூட்டிக் கிடந்த பெட்டிக்கடையின் ஓரமாகக் கலைச்செல்வி நின்றிருந்தாள். அவளைக் கண்டதும் பாடை தூக்கியவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. இளவரசன் பார்க்கவில்லை. ஆனால் நடையைக் குறைத்தான். பின்னால் வந்தவர்களும் குறைக்க வேண்டியிருந்தது.

“நடப்பா, வெயிலு ஏறுது” என்றார் பாண்டுரங்கன்.

அவன் ஓர் அடி வைத்தான். நின்றான். பின்னால் பாடையும் கலைச்செல்விக்கு நேரே நின்றது. சட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். பிறகு அடுத்த அடியை வைத்தான்.