குளிர்ந்த பக்கம்

நைட் டியூட்டி முடிகிற நேரத்தில் நர்ஸம்மா செய்கிற ஒரு வேலை எந்தச் சட்டத்திலும் இல்லை. கட்டில் கட்டிலாகப் போய், நோயாளியின் தலையை இடது கையில் ஏந்தி, தலையணையைப் புரட்டிப் போடுவாள். இரவெல்லாம் சூடேறிய பக்கம் கீழே போகும், குளிர்ந்த பக்கம் மேலே வரும். கூடவே உதடு அசையும். அது அந்தக் கட்டிலுக்கான ஜெபம்.

வீட்டில் அவள் தலையணையே வைத்துக்கொள்வதில்லை. புருஷன் போனதிலிருந்து வெறும் மெத்தைதான். கழுத்து கட்டையாக இறுகிப் போயிருந்தது.

அவனும் இதே ஆஸ்பத்திரியில், மாடி வார்டில்தான் கிடந்தான். "தலையணையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுட்டுப் போயேன்" என்றான். கீழே அவசர கேஸ் என்று ஆள் வந்து நின்றது. "வந்து திருப்புறேங்க" என்று ஓடினாள். வந்தபோது அவன் இல்லை.

இன்று காலை, கடைசிக் கட்டில் பெரியவருக்கு மூச்சு அடங்கிவிட்டது. விடிய விடியப் பக்கத்திலேயே இருந்த மகள் டீ வாங்கக் கீழே இறங்கிய நேரம் பார்த்து.

"என்னைத் தேடியிருப்பாரே சிஸ்டர்" என்று அவள் தலையில் அடித்துக்கொள்ள, நர்ஸம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிச்சுக்காதம்மா. நீதான் கீழ போனே, ஆண்டவர் போகலை. உங்கப்பா தனியா போகலைம்மா."

அழுக்கு விரிப்பு எடுக்க வந்த நர்ஸம்மாவின் நாத்தனார் வாசலிலேயே நின்று கேட்டாள். அவளுக்கு இதே ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. வாய்க்கு மட்டும் எல்லாப் பிரிவிலும் வேலை.

ஷிஃப்ட் முடிந்து இருவரும் வீட்டுக்கு நடக்கும்போது ஆரம்பித்தாள்.

"அண்ணி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்களேன்."

"கழுத்து வரலைடி."

"எப்படி வரும்? சரி, ஒரு சந்தேகம். அந்தப் பொண்ணுக்கு ஒரு ஆண்டவர், உங்களுக்கு வேற ஆண்டவரா?"

"அவ தெரியாமப் போனா. என்கிட்ட அவர் வாயத் திறந்து கேட்டார்டி."

"கேட்டது என் அண்ணன். எனக்கே இல்லாத கோபம் உங்களுக்கு எதுக்கு? தன்னை நேசிக்கிற மாதிரி அடுத்தவங்களை நேசிக்கணும்னுதானே சொல்லியிருக்கு. நீங்க உங்களை நேசிக்கிற லட்சணத்துல நேசிச்சா, வார்டுல ஒருத்தருக்கும் தலையணை கிடைக்காது."

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது வேறாக மாறியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவை திருப்பிப் போட்டா போதும்னு இருக்குடி."

வீட்டுக்குள் நுழைந்ததும் நாத்தனார் பீரோவின் மேல் தட்டிலிருந்து அண்ணனின் தலையணையை இறக்கினாள். வெளுத்த உறை மாட்டிக் கட்டிலில் போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

நர்ஸம்மா வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தாள். ஜன்னல் வெயில் தலையணை மேல் விழுந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். சூடு.

இடது கையை, அங்கே ஒரு தலை இருப்பதுபோல், மெதுவாக ஏந்தினாள். வலது கையால் தலையணையைப் புரட்டினாள்.

"வந்துட்டேங்க" என்றாள்.

பிறகு படுத்தாள். உதடு அசைந்தது. இந்தக் கட்டிலுக்கு அவள் ஜெபித்து எத்தனையோ நாளாகியிருந்தது. கன்னத்தில் குளிர்ச்சி பட்டது. பாதித் தலையணையில்தான் தலை வைத்திருந்தாள். மறுபாதியை அவனுக்கு விட்டிருந்தாள்.