மின்னல் வாசிக்காத கேள்வி

சர்வேக்கு வீடுகளைக் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டுதான் பொறுக்கியெடுக்குமாம். ஆயிரத்துச் சொச்சம் வீடுகளில் என் வீடுதானா அதற்குக் கிடைத்தது?

பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடப் பெற்றோருக்கு எவ்வளவு தயக்கம் என்று அளப்பதுதான் என் வேலை. பதினைந்து கேள்விகள், நூறு மதிப்பெண். ஐம்பதைத் தாண்டினால் தயக்கக்காரர். புத்தி சொல்லக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, சொன்னதைக் குறித்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். அவரவர் வீட்டை அவரவர் அளக்கக் கூடாது என்பதும் விதி. அதனால் என் வீட்டுக்கு மின்னல் வந்தாள். நான் ஒரு வீட்டை முடிப்பதற்குள் மூன்றை முடித்துவிடுவாள் என்று ஆபீஸில் வைத்த பெயர் அது.

இரண்டு நாளாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாப்பாவுக்குத் தட்டம்மை இரண்டாவது ஊசி எட்டு மாதமாகத் தள்ளிப்போகிறது. முதல் ஊசி போட்ட எட்டாம் நாள் காய்ச்சலில் வலிப்பு வந்து என் மடியிலேயே விறைத்துப்போனாள். இரண்டே நிமிடம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். எனக்கு அந்த இரண்டு நிமிடம் இன்னும் முடியவில்லை. இப்போது அடுத்த தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை. போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். வீட்டுக்காரரைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்று நழுவிவிட்டார்.

மின்னல் நாற்காலியில் உட்காரும்போதே படிவத்தில் டிக் அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்னடி பண்ற? கேள்வியே கேக்கலையே!"

"உங்ககிட்ட என்னக்கா கேக்கறது? நம்ம ஆளு. எல்லாத்துக்கும் தயக்கமில்லன்னு போட்டாச்சு. ஒரு டீ மட்டும் குடுங்க."

சுருக்கென்றது. தெரிந்த முகம் என்றால் நானும் இப்படித்தான் செய்வேன். எத்தனை அம்மாக்களின் வாயை அடைத்தேனோ. பேசாமல் டீயைப் போட்டுக் கொடுத்துத் தப்பித்துவிடலாம். அடுப்படி வரை போனேன், திரும்பி வந்தேன்.

"எட்டாவதை வாசி."

"அக்கா..."

"வாசிடி!"

"தடுப்பூசியால் உங்கள் குழந்தைக்குக் கடுமையான பக்கவிளைவு வருமோ என்று எவ்வளவு கவலைப்படுகிறீர்கள்?"

இருநூறு வாசலில் நான் கேட்ட கேள்வி. என்னை யாரும் கேட்டதில்லை. "ரொம்ப," என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மின்னல் புதுப் படிவம் எடுத்தாள். பதினைந்தையும் நிதானமாகக் கேட்டாள். ஊசி அட்டையை வாங்கிக் காலிக் கட்டத்தைப் பார்த்தாள். கூட்டினால் எழுபத்து மூன்று.

"இப்ப நான் என்னடி செய்யறது?"

"புத்தி சொல்லக் கூடாதுக்கா. விதி." படிவத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "சரி, அளந்தாச்சு. இப்ப சொல்லலாம். பாப்பாவுக்குச் செருப்ப மாட்டுங்க. வலிப்பு வந்ததையும் நர்ஸ்கிட்ட சொல்லிக் கேப்போம். நானும் வரேன்."

"மறுபடியும் வந்துச்சுன்னா?"

"அன்னிக்கு உங்க வீட்லதான் இருப்பேன்."

செருப்பை எடுத்து வைத்தேன். பாப்பாவே மாட்டிக்கொண்டாள். தெருவில் இறங்கியும் பயம் போகவில்லை. எட்டாம் நாள் என்ன கிழமை என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தேன்.

"வியாழன்கா," என்றாள் மின்னல், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "லீவு கேட்டாச்சு."