ஆறவேண்டிய இரும்பு

அக்காவும் மாமாவும் ஒரே அறைக்குள் நின்றால் நான்தான் அவர்களுக்குத் தொலைபேசி. மாமா வீட்டை விட்டு வந்து தன் வெல்டிங் பட்டறையிலேயே படுக்க ஆரம்பித்ததிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இரவு வேலைக்குப் போகிற நான் பகலில் சும்மாதானே கிடப்பேன் என்பது இருவருக்கும் வசதி.

அன்று மதியம் அக்கா என்னை எழுப்பிப் பட்டறைக்கு இழுத்துப் போனாள். ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெளுத்துக் கொடுப்பது அவள் தொழில். துணி மூட்டை ஏற்றும் மூன்று சக்கர வண்டியின் பின்படியில் ஒட்டு விட்டுப்போயிருந்தது. அதன் மேல் நின்றுதான் மூட்டைகளை அடுக்குவாள். கழற்றிய படியை என் மடியில் போட்டுவிட்டு, தெருவைப் பார்த்தபடி வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னாள்.

"இன்னைக்கே முடிச்சுக் குடுத்தார்னா வீட்டுக்கு வரச் சொல்லப் போறேன். இதை நீ அவர்கிட்ட உளறினே, தொலைச்சுடுவேன்."

அவர்கள் சண்டைக்குக் காரணம் மாமாவின் ஒரே ஒரு சொல். ஒழுகும் கூரையா, நாளைக்கு. குழாய் ரிப்பேரா, நாளைக்கு. அவள் காய்ச்சலில் கிடந்தபோது டாக்டர்கூட நாளைக்கு. கடைசியில், "அந்த நாளைக்கு வரும்போது நீங்களும் கூடவே வாங்க" என்று அக்கா கதவைச் சாத்திவிட்டாள்.

பட்டறையில் இருந்த ஒரே ஸ்டூலை மாமா இரண்டு தடவை துடைத்துப் போட்டார். அக்கா உட்கார்ந்தாள். அவர் படியைப் புரட்டிப் பார்த்தார். மேலே மெல்லிய தகடு. அதைத் தாங்கும் கை, ஏதோ பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. பட்டையில் அரத்தை வைத்து இழுத்தார். அரம் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

"நல்லா இறுகின இரும்பு. இதை முன்னாடி ஒட்டினது யாருன்னு உங்க அக்காவைக் கேளு, மச்சான்."

"எவனோ ஒருத்தன். வீட்டுல ஆளு இருந்தா நான் ஏன் கண்டவன்கிட்ட போறேன்னு சொல்லுடா."

நான் சொல்லவில்லை. மூவருக்கும் காது இருந்தது.

"சாதா வெல்டிங் ராடு போட்டு ஒட்டியிருக்கான்" என்றார் மாமா.

"அதையே திரும்பப் போட்டா எவ்வளவு நேரமாகும்னு கேளு."

"பத்து நிமிஷம்."

"அப்ப அதையே போடச் சொல்லு."

மாமா சாதா ராடு ஒன்றை எடுத்தார். அவளுக்கு வேண்டியதை அவள் கேட்டவுடன் கொடுக்க அவருக்கும் ஆசைதான், முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு ராடைப் பெட்டியிலேயே போட்டார். மேல் தட்டிலிருந்து ஸ்டெயின்லெஸ் ராடை எடுத்தார்.

"இறுகின பட்டையோட கலந்தா சாதா ராடு விறைச்சுடும். மிதிக்க மிதிக்க ஓரத்துல கீறல் விடும். இது அப்படியில்ல, இழுத்தா நீளும். ரெண்டுக்கும் நடுவுல விட்டுக்குடுக்கும்."

"விட்டுக்குடுக்கிறதைப் பத்தி யாரு பேசுறாங்க பாருடா" என்றாள் அக்கா.

மாமா லேசாகச் சிரித்தார். அவளும் சிரிப்பை அடக்குவதைப் பார்த்தேன். காரியம் நடந்துவிடும் என்றே நினைத்தேன்.

அவர் பட்டையை மட்டும் காஸ் நெருப்பில் சூடேற்றினார். பிறகு ஒட்டும்போது, தகடு ஓட்டையாகிவிடாதபடி ராடு நுனியின் நெருப்பைப் பட்டைப் பக்கமே நிறுத்தி, தகட்டை வெறுமனே தொட்டுத் தொட்டு வந்தார். முடிந்ததும் படியை ஒரு தகரப் பெட்டியில் வைத்து, காய்ந்த சாம்பலைக் கொட்டி மூடினார்.

"எப்ப எடுத்துக்கலாம்னு கேளு."

மாமா கையுறையைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். வேறு சொல் ஏதாவது கிடைக்குமா என்று தேடியிருப்பார்.

"நாளைக்கு."

"இன்னைக்கே குடுத்துடுங்க மாமா" என்றேன். "தண்ணியில முக்கினா ஆறிடாதா?"

"முக்கினா பட்டை கண்ணாடி மாதிரி ஆயிடும். படக்குன்னு உடையும்." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "நீ ஏறி நிக்கிற படி அது. மெதுவா ஆறட்டும்."

இத்தனை மாதத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்காம். கேட்டுக்கிட்டியா?" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் நான் போய்ப் படியை வாங்கி வந்தேன். மாமா அதன் மேல் ஏறிக் குதித்துக் காட்டினார். பட்டை அசைந்துகொடுத்தது, ஒட்டு விடவில்லை.

"உங்க அக்கா ஏதாவது சொன்னாளா?"

"இல்ல மாமா."

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போய்விட்டது. கூரையை வேறு ஆள் வந்து அடைத்தான். மாமா இன்னும் பட்டறையில்தான் படுக்கிறார். நேற்று அக்கா அந்தப் படியில் நின்று மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அன்னைக்கே குடுத்திருந்தா இந்நேரம் உடைஞ்சு நீ கீழே விழுந்திருப்பே."

"அதை அவர் என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உன்னைப் பார்த்துதான் சொன்னாரு. நீதான் என்னைப் பார்த்துக்கிட்டிருந்தே."

அக்கா கையில் மூட்டையோடு நின்றாள். கால் மாற்றி நின்றாள். படி லேசாக ஆடி நின்றது.

"போய் வரச் சொல்லட்டுமா?" என்றேன்.

"அந்த மூட்டையை எடு" என்றாள். "நாளைக்குப் பார்க்கலாம்."