கூப்பிட்டதால் வந்த வீடு

எங்கள் தெருவுக்கு ஒரு மாடி வீடு முந்நூற்று எழுபது கிலோமீட்டர் நடந்தே வந்து, ஐந்து நாள் தங்கிவிட்டுப் போயிருக்கிறது. பக்கத்துத் தெருக்காரர்கள் நானூறு என்பார்கள். எதையும் கூட்டிச் சொல்லாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. முந்நூற்று எழுபதுதான்.

வீடு தேடி வந்தது எங்கள் தெருவில் இருக்கும், சிறுவர் கதை எழுதும் எழுத்தாளரை. புதுப் புத்தகம் வந்தால் பதிப்பகம் கொடுக்கும் பள்ளிப் பட்டியலோடு அவர் ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார். பள்ளிகளில் அடுத்த கதையின் கைப்பிரதியையும் வாசித்துப் பார்ப்பார். எந்த வரியில் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்களோ அந்த வரியை அங்கேயே அடித்துவிடுவார். பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்திராவிட்டால் அவருக்கு அரைப்பக்கம்கூட நகராது. நடுவில் ஓய்வான மத்தியானம் கிடைத்தால், காலமான எழுத்தாளர்களின் வீடுகளைப் பார்க்கப் போவார். ஒரு மேசை, ஒரு மூக்குக்கண்ணாடி, சுற்றிலும் கயிறு, கயிற்றில் 'தொடாதீர்கள்'. இதற்காக இரண்டு பேருந்து மாறுவார்.

இதையெல்லாம் நம்பாத ஒருவர் எழுத்தாளர் வீட்டிலேயே இருந்தார்: அவருடைய கணவரின் அக்கா. விமான நிலையச் சுங்கத்தில் முப்பத்தொரு வருடம் அடுத்தவர் பெட்டியைத் திறந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பெயரே 'சுங்கம்'. ஒருவர் தும்மினால்கூட, எதை மறைக்கத் தும்முகிறார் என்று யோசிப்பார். தம்பி மனைவி பயணம் முடிந்து வந்ததும் பெட்டியின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்ப்பது அவர்தான்.

"செத்தவங்க வீட்டைப் பாக்க ரெண்டு பஸ்ஸா? உயிரோட இருக்கற என் தங்கச்சி வீட்டுக்கு ஒரு பஸ் ஏற மாட்டேங்கற."

கணவர் பல் மருத்துவர். எதிராளியின் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டே பேசிப் பழகியதால் பதிலை எதிர்பார்க்காதவர். பதில் சொல்லவும் மாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் வாங்க எழுந்தவர்கள் பார்த்தபோது எதிர்க் காலி மனையில் வீடு நின்றுகொண்டிருந்தது. அங்கே நிறுத்தியிருந்த கார்கள் ஓரமாக வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. அத்தனை நேராக அவற்றை யாரும் நிறுத்தியதில்லை. படிகளில் நாலு ஊர்ச் சேறு. சரியான விலாசத்துக்குத்தான் வந்தோமா என்று விழிக்கும் விருந்தாளியைப் போல, சன்னல்களைப் பாதி திறந்து பாதி மூடி வைத்திருந்தது.

அது காலமான ஓர் எழுத்தாளரின் நினைவில்லம். மறுநாள் அதன் காப்பாளர் கோப்போடு வந்து சேர்ந்தார். வேலைக்குப் போனவர் வீடிருந்த இடத்தில் பள்ளத்தைப் பார்த்திருக்கிறார். அங்கே கடைசியாக வந்த பார்வையாளர் எங்கள் எழுத்தாளர்தான். "மேடம், பேனாவ எடுத்துட்டுப் போனவங்க உண்டு. வீட்டையே யாரும் எடுத்ததில்ல." சனிக்கிழமைக்குள் திரும்பாவிட்டால் புகார் என்றார். அதற்குள் சேதி கேட்ட பதிப்பகம் அவர் போகவிருந்த பதினோரு பள்ளிகளை நிறுத்தி வைத்தது. வீடு திருடியவரைப் பிள்ளைகளிடம் எப்படி அனுப்புவது? நம்பத் தகுந்த ஒருவர் சாட்சி சொன்னால் பார்க்கலாமாம். எழுத்தாளர் அன்று முழுக்க வெள்ளைத்தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

தெருவில் நம்பத் தகுந்தவர் சுங்கம் ஒருவர்தான். அவரோ வீட்டுக்குள் நுழைந்து பெட்டியைச் சோதிப்பதுபோல் சோதித்தார். சுவரைத் தட்டினார், தரையை முகர்ந்தார், அடியில் சக்கரம் தேடினார். மூன்றாம் நாள் கூடத்திலிருந்த பார்வையாளர் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"இது உன் கையெழுத்துதானே?"

பார்வையாளர் கருத்து என்ற கட்டத்தில் இருந்தது: 'அன்புடன். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வா.' கீழே விலாசம், சன்னல் போட்ட சின்ன வீட்டுப் படம்.

எழுத்தாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, பிள்ளைங்க புத்தகத்துல எழுதற வரிக்கா இது. அன்னைக்குக் காலைல எரநூறு புத்தகத்துல போட்டேன். கை பழக்கத்துல இங்கயும் போட்டிருக்கு."

"வான்னு எழுதினா வீடு வந்துருமா? முப்பத்தொரு வருஷம் வாங்க வாங்கன்னு கூப்பிட்டேன். ஒருத்தன் ஆசையா என்கிட்ட வந்ததில்ல."

"நான் கூப்பிட்டிருக்கேன்க்கா, அது வந்திருக்கு. மூணு நாளா எல்லாரும் திருட்டுப் பொருள் மாதிரி தட்டிப் பாத்துட்டு இருக்கோம். வான்னு ஒரு வார்த்தை யாரும் கேக்கல."

வெள்ளிக்கிழமை எழுத்தாளர் படிகளின் சேற்றைக் கழுவினார். கயிறுகளை அவிழ்த்தார். காப்பாளர் "விதிப்படி..." என்று தொடங்கினார், அதற்குள் தெருப் பிள்ளைகள் நாற்பது பேர் உள்ளே. உட்காரக் கூடாத நாற்காலியில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள், மாடிப்படிக் கைப்பிடியில் வரிசை வைத்துச் சறுக்கினார்கள். எழுத்தாளர் நடுக்கூடத்தில் அமர்ந்து, முடியாத கதையை வாசித்தார். ஒரு வரிக்கும் கொட்டாவி வரவில்லை. சிரிப்பான இடத்தில் சன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. காற்று என்றார் சுங்கம். அன்று ஒரு இலைகூட அசையவில்லை.

பிள்ளைகள் போனதும் சுங்கம் கதவில் நூல் கட்டி, அரக்கு முத்திரை வைத்தார். அவருடைய கணக்குப்படி காப்பாளரும் தம்பி மனைவியும் கூட்டு. முத்திரையை உடைக்காமல் யாரும் உள்ளே போக முடியாது. உடைத்தால் கையும் களவுமாக மாட்டுவார்கள். சனிக்கிழமை விடிந்ததும் வாசலுக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பதினோரு மணிக்கு எழுத்தாளர் வந்து, படியில் கைவைத்து, "போயிட்டு வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அப்புறம் நடந்ததைத் தெருவே மாடியிலிருந்து பார்த்தது. ஆனால் தெரு சொன்னால் யார் நம்புவார்கள்? சுங்கம் எழுந்து நின்றார். பிறகு தம்பி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மனை காலியாக இருந்தது. மாலையில், வீடு பழைய இடத்தில் இருக்கிறது, ஒரு ஓடுகூட உடையவில்லை என்று காப்பாளருக்குத் தொலைபேசி வந்தது. யார் கொண்டுபோனது என்று கேட்ட எல்லோரிடமும் சுங்கம் ஒரே பதில்: "நான் ஒண்ணும் பாக்கல." இரண்டு நாள் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மூன்றாம் நாள் தம்பி மனைவியின் வெள்ளைத்தாள்களில் ஒன்றை உருவிக்கொண்டு போனார்.

அந்தத் தாளைப் பதிப்பகம் பார்த்ததும் பதினோரு பள்ளிகளும் திரும்பக் கிடைத்தன. இப்போது வருடத்துக்கொரு முறை, பள்ளி விடுமுறை தொடங்கியதும் வீடு வந்து போகிறது. முதல் நாளே நாங்கள் கார்களை எடுத்துவிடுகிறோம். அந்த நினைவில்லத்துக்குப் போகிறவர்கள் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பேழைக்குள், உடையாத ஒரு அரக்கு முத்திரையையும் அந்தத் தாளையும் பார்க்கலாம். கட்டை எழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும்:

'நான் வைத்த முத்திரையை வீடே அவிழ்த்து என் கையில் கொடுத்தது. யாரும் கொண்டு வரவில்லை, யாரும் கொண்டு போகவில்லை. தானாக வந்தது, தானாகப் போனது. போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனது. சோதித்தவர்: சுங்க ஆய்வாளர் (ஓய்வு).'