பிரிவதற்கு முன் ஒரே ஆறு

கீகோன் என்று பேர் வைத்திருந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது இரண்டு சொட்டு தரையில் விழுந்துவிட்டது. அரியமுத்து டம்ளரைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். ஆணியால் கீறி வைத்திருந்த கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் தண்ணீர் நின்றது. சிந்தினதை ஈடு கட்டுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். இதெல்லாம் யோசிக்கிற விஷயமா என்று கேட்பீர்கள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யோசிக்கிற விஷயம் அது ஒன்றுதான்.

அவர் பெண்டாட்டி பூங்காவனத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் மெஷின் போட்டுக்கொண்டு வந்தாள். டீ, ரசம், மாத்திரைத் தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அரை லிட்டர், அதற்கு மேல் போனால் நுரையீரலில் போய்த் தேங்கும் என்று அங்கிருந்த நர்ஸ் சொல்லியிருந்தார். சொன்ன முதல் மாதமே அது நடந்தது. கல்யாண வீட்டில் யாரோ ஆசையாகக் கொடுத்த மோரை இரண்டு சொம்பு குடித்துவிட்டாள். ராத்திரி மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். அன்றிலிருந்து அளவென்றால் அளவுதான்.

இதில் கூத்து என்னவென்றால், அரியமுத்து முப்பது வருஷம் ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் தண்ணி லாரி ஓட்டினவர். ரோட்டுப் புழுதி அடங்குவதற்காக ஒரு நடைக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டரைக் கொட்டிவிட்டு வருவார். நாளைக்கு எட்டு நடை. அந்த மனுஷன் கடைசியில் டம்ளரில் கோடு கீறிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. இதற்கு மற்றவர்கள் விதி என்று பேர் சொன்னார்கள். அவர் வேறொரு கெட்ட வார்த்தை வைத்திருந்தார்.

அரை லிட்டரை நாலு டம்ளராகப் பிரித்தது அவர். பேர் வைத்தது அவள். பிள்ளையில்லாத ஏக்கத்துக்கு மருந்து தேடி நாற்பது வயதுக்கு மேல் ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தவள் பூங்காவனம். அரியமுத்து வேதத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலில் பைக்கிலேயே உட்கார்ந்திருப்பார். காது மட்டும் உள்ளே இருக்கும். பெண்கள் கூட்டத்தில் அவள் ஏதேன் தோட்டத்து ஆறுகளைப் பற்றிப் பேசினதையும் அப்படித்தான் கேட்டார்.

முதல் ஆறு பைசோன். பொன் விளைகிற தேசத்தைச் சுற்றுவது, ஆகையால் அது விடிகாலை டீ. இரண்டாவது கீகோன். அது ஒரு தேசம் முழுக்கச் சுற்றி வருமாம், மாத்திரையும் அதுபோல உடம்பெல்லாம் சுற்றட்டும் என்பாள். மூன்றாவது இதெக்கேல், மத்தியானச் சோற்றுக்கு ரசம். நாலாவது ஐபிராத்து. படைப்பைச் சொல்கிற இடத்தில் அதற்குப் பேர் மட்டும்தான் உண்டு. எங்கே ஓடுகிறது, கரையில் என்ன கிடக்கிறது என்று ஒன்றும் சொல்லவில்லை. அதைப் படுக்கும்போது வெறும் தண்ணீராகக் குடிப்பாள். ஆண்டவன் எழுதாமல் விட்டதை நாமே குடித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவள் கட்சி. ஏன், நம்மூர் மருதையாற்றின் பேரை வைத்தால் ஆகாதா என்று அவர் சீண்டுவார். வையுங்கள், டம்ளரும் காலியாகத்தான் இருக்கும் என்று அவள் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு நாலு நாளாகிறது. வெள்ளிக்கிழமை மெஷினில் போட்டதுமே பிரஷர் அடியோடு இறங்கிவிட்டது. இதயம் இனித் தாங்காது, வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்திலேயே இருங்கள் என்று டாக்டர் அவர் தோளைத் தொட்டுச் சொன்னார். அரியமுத்து எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். இனித் தண்ணீருக்கு அளவு உண்டா இல்லையா என்று கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இன்று திங்கட்கிழமை. அவள் உதடு வெடித்திருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சுக் குழறியது. கீகோனைக் கொடுத்ததும் மாத்திரையை ஓரமாகத் துப்பிவிட்டுத் தண்ணீரை மட்டும் குடித்தாள். பதினோரு மணிக்குள் இதெக்கேலும் ஐபிராத்தும் போய்விட்டன. அரை லிட்டர் முடிந்தது. பகல் முழுக்க மிச்சமிருந்தது.

அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏங்க. நாலாப் பிரியறதுக்கு முன்னாடி அது ஒரே ஆறுதான். தோட்டத்துக்குள்ள ஒண்ணாத்தான் ஓடுச்சு."

"சரி புள்ள."

"அதைக் குடுங்க. சொம்போட குடுங்க."

அவருக்குப் புரிந்தது. அடுப்படியில் பானை நிறையத் தண்ணீர் இருந்தது. எட்டி எடுத்தால் ஆயிற்று. ஏதேனில் பிரித்தது ஆண்டவன், இந்த வீட்டில் பிரித்தது அரியமுத்து. சேர்க்கவும் அவரால் முடியும். எழுந்து பானைவரை போகவும் செய்தார். நீலம் பாரித்த அந்த உதடு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வெறுங்கையோடு திரும்பினார்.

"மூச்சு முட்டிரும் புள்ள."

"முட்டட்டும்."

"என்னால முடியாது."

அவள் வைதிருந்தால் தேவலை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மத்தியானம் அரும்பாவூரிலிருந்து அவள் தங்கை ஆண்டாயி வந்து இறங்கினாள். அக்காள் வாயைப் பார்த்ததும் அவளுக்கு வந்ததே கோபம். டாக்டராவது அளவாவது என்று பொரிந்துகொண்டே பானைக்குப் போனாள். அவர் குறுக்கே கையை நீட்டி மறித்தபோது நின்று அவர் முகத்தையே பார்த்தாள்.

"தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காத வூட்ட இங்கதான் பாக்குறேன் மாமா."

நர்ஸைக் கேட்டுவிட்டு வருகிறேன், அதுவரை கொடுக்காதே என்று கெஞ்சிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். வீட்டுக்குள் டவர் எடுக்காது. பருத்திக் கொல்லையின் கடைசி வரப்புவரை போக வேண்டும். நர்ஸுக்கு மூன்று தரம் போட்டும் மணி அடித்து ஓய்ந்தது. யாருக்கோ மெஷின் மாட்டிக்கொண்டிருப்பார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கொளுத்துகிற வெயிலில் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். அரைமணி கழித்து நர்ஸே கூப்பிட்டார். என்ன ஏது என்று விசாரித்துவிட்டு அவர் கேள்வியைக் காது கொடுத்துக் கேட்டார்.

"இனிமே அளவெல்லாம் எதுக்குங்கய்யா. அவங்க கேக்குறத குடுங்க."

"மூச்சு முட்டுமேங்க சிஸ்டர்."

"அது எப்படியும் முட்டும்ங்கய்யா," என்றார் நர்ஸ்.

அரியமுத்து வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். அறுபது வயதில் பருத்திச் செடிக்கு ஊடே அப்படி ஓடிய ஆளை அந்த ஊர் பார்த்திருக்காது. நேரே பானைக்குப் போய்ச் சொம்பை முக்கினார். வழிய வழிய எடுத்துக்கொண்டு வந்தார். ஆண்டாயி அக்காள் தலையை மடியில் வைத்திருந்தாள். அவர் சொன்ன ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவளும் கொடுக்காமல்தான் இருந்திருக்கிறாள். பூங்காவனத்தின் கண் திறந்திருந்தது. பார்வை எதிலும் நிற்கவில்லை.

சொம்பை வாயில் வைத்துச் சாய்த்தார். தண்ணீர் வாய்க்குள் போய்க் கொஞ்சம் நின்றது. பிறகு கடைவாய் வழியே கழுத்தில் இறங்கித் தலையணையை நனைத்தது. மறுபடி சாய்த்தார். மறுபடியும் அப்படியே வந்தது.

"முழுங்கு புள்ள. ஒரு மடக்கு. ஒண்ணே ஒண்ணு."

போதும் போதும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய் அவருடையது. அந்த வாயை அவருக்கே அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. மூன்றரை மணிக்கு மூச்சு நின்றது. அவர் இன்னும் சொம்பைச் சாய்த்துக்கொண்டிருந்தார். ஆண்டாயிதான் விரல்களைப் பிரித்து வாங்கிக் கீழே வைத்தாள்.

சொல்லியனுப்பியதும் பாஸ்டர் வந்து ஜெபித்தார். அங்கே தாகமில்லை என்றார். ஜெபவீட்டுப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமென் என்றார்கள். அரியமுத்து எதற்கும் தலையாட்டாமல் அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார்.

பெட்டி வந்து சேருவதற்குள் குளிப்பாட்ட வேண்டும் என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் பெஞ்சைப் போட்டு, நாலு புறமும் சேலையை மறைப்பாகக் கட்டினார்கள். அண்டை அயலார் ஆளுக்கொரு குடமாகக் கொண்டுவந்து வைத்ததில் எட்டுக் குடம் வரிசையாக நின்றது. புருஷன் முதலில் ஊற்றட்டும் என்று ஆண்டாயி ஒரு குடத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

அவர் குடத்தைத் தலைமாட்டில் சாய்த்தார். நெற்றியும் முன்மயிரும் நனைந்தன. அவ்வளவுதான், கை நின்றுவிட்டது.

"ஊத்துங்க மாமா," என்றாள் ஆண்டாயி. அவள் குரலில் மத்தியானத்துக் கோபம் இல்லை. "தாராளமா ஊத்துங்க. இன்னும் ஏழு கொடம் கெடக்கு."

அரியமுத்து சரி என்று தலையாட்டினார். பெண்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். அவர் குடத்தை நிமிர்த்திப் பிடித்து, எவ்வளவு போயிருக்கிறது என்று உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.