சரக்கறைப் பாதை

காசில்டா சந்தியாகோவுக்கு நடந்தே யாத்திரை போய்த் திரும்பிய வாரம் அவள் வீட்டுச் சரக்கறைக்குள் ஒரு பாதை வந்து சேர்ந்தது. எண்ணெய் ஜாடிகளுக்கும் தொங்கவிட்ட பன்றித்தொடைகளுக்கும் பின்னால் சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. இருபுறமும் மரங்கள் நின்ற மண்பாதை இருந்தது. எங்கள் தொர்ரெசெகாவில் அந்தக் கோடை முழுக்க ஒரு பொட்டு மழை கிடையாது. பாதையிலோ தூறிக்கொண்டிருந்தது. அது சமையலறையைக் கடந்து, கூடத்தின் நடுவே போய், முன்வாசல் வழியாக இறங்கி, தபால் நிலையத்தருகே சாதாரணத் தெருவாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் அதன் வழியே முதல் ஆள் வந்தாள். ஹங்கேரிக்காரப் பெண். முதுகில் மூட்டை, மூட்டையில் யாத்திரிகர்களின் சிப்பி, குதிகாலில் கொப்புளம். லியோன் நகரத்துக்கு அப்பால் யாத்திரைக்கு வழிகாட்டும் ஒரு மஞ்சள் அம்புக்குறியைப் பார்த்துத் திரும்பியதாகச் சொன்னாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை. காசில்டா அவளை அடுப்பருகே, தன் கணவன் எலாடியோவின் நாற்காலியில் உட்காரவைத்து, கொப்புளத்தைக் குத்தி நூல்வழியே நீர் வடியவிட ஊசியில் நூல் கோத்தாள். எலாடியோ வயலிலிருந்து வந்து, உட்கார இடமில்லாமல், தொப்பியோடு நின்றான்.

காசில்டா சந்தியாகோ போனதே எலாடியோவுக்காகத்தான். முந்தின குளிர்காலத்தில் அவன் சிறுநீரகம் கெட்டு, மருத்துவர்கள் உதட்டைப் பிதுக்கியபோது, பிழைத்தால் நடந்தே வருகிறேன் என்று சந்தியாகோவின் புனிதர் சந்தியாகப்பருக்குப் பொருத்தனை செய்துகொண்டான். பிழைத்தான். பிழைத்ததும் முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது. தன் பொருத்தனைக்கு இன்னொருவரை அனுப்புவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. வசதியான வீடுகளில் முன்பு வேலைக்காரனை அனுப்புவார்கள், எலாடியோவிடம் வேலைக்காரன் இல்லை. “புருஷன் பெண்டாட்டி ஓருடல்னு கல்யாணத்துல நீங்கதானே சொன்னீங்க சாமி?” என்று பங்குச்சாமி தோன் விதாலிடம் கேட்டான். அவர் மதியத் தூக்கத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். அதுவரை புருஷனைக் கேட்காமல் சந்தைக்குக்கூடப் போயிராத காசில்டா, செத்துப்போன மாமனாரின் பூட்ஸில் பஞ்சடைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

யாத்திரை போய்வந்தவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. வாசல்மேல் சிப்பியை அடிப்பார்கள், ஒரு வாரம் சாந்தமாகப் பேசுவார்கள், பிறகு வரப்புச் சண்டைக்குப் போய்விடுவார்கள். காசில்டா சிப்பியை அடிக்கவில்லை. வழியில் எப்படி இருந்தாளோ அப்படியே வீட்டிலும் இருக்கப்போவதாகச் சொன்னாள். நடந்து வந்தவருக்கு முதல் இடம், சக்கரத்தில் வந்தவருக்குப் பிறகு. படுக்கையை யாரும் பிடித்துவைக்க முடியாது, முதலில் வந்தவர் படுப்பார். யார், எவர் என்று கேட்பதில்லை. பானையில் இருப்பது எல்லாருக்கும். கல்யாணச் சீராக வந்த பீங்கான் தட்டுகளை, தூக்கிச் சுமக்க முடியாததெல்லாம் எனக்கெதற்கு என்று தெருவில் கொடுத்துவிட்டாள். பாதை வந்தது இதனால்தான் என்று நான் நினைக்கிறேன். இடம் கிடைத்தது, வந்தது.

எலாடியோவின் தம்பி பௌதிலியோ எங்கள் ஊராட்சித் தலைவர். ஞாயிறுதோறும் அண்ணன் வீட்டில் சாப்பிட வீதி நிறையும் காரில் வருவார். அந்த ஞாயிறு மேசையைச் சுற்றிக் கொரியாக்காரர்கள் உட்கார்ந்து பூண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணி, இது எங்கப்பா கட்டின வீடு” என்றார் பௌதிலியோ.

“யாரு இல்லேன்னா? நீ கார்ல வந்தே, இவங்க நடந்து வந்தாங்க. இவங்க எந்திரிச்சதும் உனக்கு ஊத்துறேன்.”

“நான் ஊராட்சித் தலைவர்.”

“அப்போ ரொம்ப வேலை இருக்கும். நாளைக்கு வேணும்னா நடந்து வா.”

பௌதிலியோ சாப்பிடாமலே போனார். இரண்டே நாளில் செங்கல்லோடு கொத்தனார் வந்துவிட்டார். காசில்டா சரக்கறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சுவர் எழுப்பினால் உள்ளே நடந்துகொண்டிருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டாள். கொத்தனார் கரணையைக் கீழே வைத்தார். “நான் நடந்து கொண்டாந்த பாதை. நான் செத்த பிறகு அடைச்சுக்கங்க” என்றாள். அப்போதுதான் பௌதிலியோவுக்கு அந்த யோசனை உதித்தது. பொருத்தனை அண்ணனுடையது, அப்படியானால் நடந்த நடையும் அண்ணனுடையது, பாதையும் அண்ணனுடையது, அடைப்பதோ விடுவதோ அவன் இஷ்டம். வழக்கைத் தோன் விதாலிடம் கொண்டுபோனார்கள். பாவம், அந்த மனிதருக்கு வியர்த்துவிட்டது. நடை காசில்டாவுடையது என்றால் எலாடியோவின் பொருத்தனை நிறைவேறவில்லை, தலையாட்டியது அவர் தப்பு. தப்பை ஒத்துக்கொள்வதற்குப் பதில், பலன் முழுவதும் எலாடியோவுக்கே, காசில்டாவுக்குக் கொப்புளம் மட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

தீர்ப்பைப் பாதையும் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை சரக்கறையில் பழைய சுவர் நின்றது, பாதை எலாடியோவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. மதுக்கடையில் அவன் சீட்டாடிக்கொண்டிருக்கையில் நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு டச்சுக்காரர் வெளிப்பட்டுத் தண்ணீர் கேட்டார். முடிதிருத்தும் கடையில் இரண்டு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள், பூண்டு வயலில் ஒரு கால்பந்துக் குழு. குளியலறையையும் பாதை விட்டுவைக்கவில்லை. எல்லாரும் மரியாதையாகப் படுக்க இடம் கேட்டார்கள். விரட்டினான், விரட்டிய இடத்திலிருந்து அடுத்தவர் வந்தார். சீட்டாட யாரும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. காசில்டா அந்த நாட்களில் அழுதாள். பாதை போனதற்காக அழுதாள், வேறெதற்காகவும் இல்லை. ஆனாலும் சாயங்காலமானால் பெரிய பானையைத்தான் அடுப்பில் ஏற்றினாள். எலாடியோ விரட்டியவர்கள் மணம் பிடித்து வந்து சேர்ந்தார்கள்.

கடைசியில் எலாடியோவே வந்து நின்றான், பின்னால் ஒரு போர்த்துகீசியக் குடும்பத்தோடு.

“உன் பாதையை நீயே எடுத்துக்க காசில்டா. என்னால முடியல.”

“சாமி உனக்குன்னு தீர்த்துட்டாரே. நான் எடுத்தா திருட்டில்ல?”

“என்னை என்னதான் செய்யச் சொல்றே?”

“சந்தியாகப்பர் திருநாளன்னைக்குக் கோயில்ல எந்திரிச்சு நின்னு சொல்லு. நடந்தது யாருன்னு சொல்லு.”

“ஊரே சிரிக்கும்.”

“இப்ப மட்டும் என்ன பண்ணுதாம்?”

திருநாளன்று கோயில் நிரம்பி வழிந்தது. எலாடியோ உட்கார்ந்திருந்த வரிசை சீக்கிரமே இன்னும் அதிகமாக நிரம்பியது, ஏனெனில் பிரசங்கத்தின்போதே அவன் பின்னாலிருந்து ஆட்கள் மழைக்கோட்டோடு வந்துகொண்டிருந்தார்கள். தோன் விதால் கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எலாடியோ எழுந்தான். தம்பி சட்டையைப் பிடித்து இழுத்தார்: “உக்காருண்ணே, மானத்தை வாங்காதே.” எலாடியோ கையை உதறினான்.

“பொருத்தனை பண்ணினது நான். நடந்தது அவ. என் முழங்காலுக்கு ஒண்ணும் இல்ல, எனக்குப் பயமா இருந்துச்சு. ஒருத்தர் நடையை இன்னொருத்தர் பேர்ல எழுத முடியாது சாமி. நீங்க தலையாட்டினதும் தப்பு, நான் கேட்டதும் தப்பு.”

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ கை தட்டினார்கள், பிறகு அந்தப் பக்கம் முழுவதும் தட்டியது. திருப்பலியில் கைதட்டக்கூடாது என்று தோன் விதால் இரண்டு முறை சொன்னார். காசில்டா எழுந்து, யாரையும் பார்க்காமல் நடுவழியாக வெளியே நடந்தாள். எலாடியோவின் பின்னாலிருந்த பாதை ஈரம் சொட்ட அவள் பின்னால் திரும்பிக்கொண்டது, அதிலிருந்தவர்களும் அப்படியே திரும்பினார்கள். வீட்டுக்குப் போனபோது சரக்கறையில் சுவர் இல்லை.

எலாடியோ மறுநாள் விடிந்ததும் மூட்டையோடு அந்தச் சரக்கறை வழியாகவே, வருகிறவர்களுக்கு எதிர்த்திசையில் இறங்கினான். பிரெஞ்சு எல்லைவரை போய் அங்கிருந்து தன் நடையை முறைப்படி தொடங்கப் போவதாகச் சொன்னான். காசில்டா ஒரு ரொட்டி கொடுத்தாள். அறுவடை வந்தது, பௌதிலியோ தேர்தலில் தோற்றார், தோன் விதால் மெத்தை ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். பூண்டு ஏற்ற வரும் லாரிகள் தெருமுனையில் நின்று, நடப்பவர்கள் கடந்த பிறகு போகப் பழகிக்கொண்டன.

அடுத்த வசந்தத்தில், படுக்கைகளெல்லாம் நிரம்பிவிட்ட ஒரு சாயங்காலம், பாதி உடம்பாகத் தாடியோடு எலாடியோ சரக்கறையிலிருந்து வந்தான். பௌதிலியோ அன்றைக்கு அங்கே இருந்தார், இப்போதெல்லாம் நடந்துதான் வருவார். ஓடிப்போய் ஒரு போலந்துக்காரரை எழுப்பி, வீட்டுக்காரர் வந்துவிட்டார், கட்டிலைக் கொடுங்கள் என்றார். காசில்டா கரண்டியோடு திரும்பிக் கணவனைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் கட்டிலில் படுத்திருப்பான், அல்லது படுக்காமல் இருந்திருப்பான். இரண்டும் அவள் சொன்னதாக ஆகியிருக்கும்.

போலந்துக்காரர் தூக்கக் கலக்கத்தில் எழுந்து, “நீங்களா வீட்டுக்காரர்?” என்று கேட்டார்.

“இல்லங்க, அதோ அடுப்புகிட்ட நிக்கிறாங்களே, அவங்க வீடு” என்றான் எலாடியோ. “நான் இப்பதான் வந்தேன். நீங்க படுங்க.”

சொல்லிவிட்டுக் கம்பளியைத் தரையில் விரித்தான். காசில்டா அவன் கிண்ணத்தில் சூப் ஊற்றினாள், எல்லாருக்கும் ஊற்றும் அளவுதான். அவன் குடித்து முடிப்பதற்குள் சரக்கறையில் அடுத்த காலடி கேட்டது. எலாடியோ கம்பளியைச் சற்று நகர்த்தி, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டான்.