பலீலுக்காகச் சாப்பிட்டவள்

1962ஆம் ஆண்டு நோன்பு மாதத்தின் முதல் நாள், பல்லேபொலையில் மிளகு வியாபாரம் செய்த பலீல் பகல் ஒரு மணிக்குத் தின்ற சோறு, மாலை மஃரிப் பாங்கு கேட்கும்வரை அவருடைய வயிற்றைச் சேரவில்லை. அந்த வாரம் மிளகு நல்ல விலைக்குப் போயிற்று.

நீரிழிவு என்கிற சீனி வருத்தம் முற்றியிருந்ததால் நோன்பு கூடவே கூடாது என்று டிஸ்பென்சர் சில்வெஸ்டர் சொல்லியிருந்தார். நோயாளிக்குக் கடமையில்லை என்று பள்ளிவாசல் லெப்பையும் சொல்லிவிட்டார். பலீலின் மனம்தான் ஒப்பவில்லை. ஏழு வயதிலிருந்து ஒரு நோன்பும் விடாத மனிதர், கதவைச் சாத்திக்கொண்டு திருட்டுச் சோறு தின்பவர்போலத் தின்றார், அழுதார். எவ்வளவு தின்றும் பசி பசியாகவே இருந்தது. பாங்கு சொன்னதும் பகல் சோறும் நோன்புக் கஞ்சியும் ஒன்றாக இறங்கி மூச்சை முட்டின. ஊசி போட்டால் பகலில் மயங்கி விழுந்தார். போடாவிட்டால் சீனி ஏறியது. பத்தாம் நாள் சில்வெஸ்டர் பலீலின் மனைவி ஜுனைதாவைத் தனியே கூப்பிட்டு, "பெருநாள் வரைக்கும் தாங்குவாருன்னு நான் சொல்ல மாட்டேங்க" என்றார்.

விட்ட நோன்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏழைக்குச் சோறு கொடுக்கும்படி லெப்பை சொல்லியிருந்தார். பலீல் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கொடுத்துவிட்டால், இனித் தனக்கு நோன்பே இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே! "நான் இன்னும் மௌத்தாகல்ல. அதுக்குள்ள எனக்குப் பதிலா ஆள் தேடுறியா?" என்று கத்துவார். ஜுனைதா அதற்குமேல் அவரைக் கேட்கவில்லை. பதினோராம் நாள், மிளகு பறிக்க வந்த, மலைத்தோட்டத்துக் கூலிப் பெண் மரியாயியைக் குசினியில் உட்காரவைத்து, பிஞ்சுப் பலாக்காய்க் கறியோடு சோறு போட்டாள்.

மரியாயி முதல் கவளத்தை விழுங்கியதும் உள்ளறையில் அன்று ஒன்றும் தின்னாமல் படுத்திருந்த பலீலின் வயிறு இதமாகச் சூடேறியது. நாலாவது கவளத்தில் கைநடுக்கம் நின்றது. அவள் கை கழுவும்போது பலீல் பலாக்காய் வாசத்தோடு ஏப்பம் விட்டார்.

"நோன்பு முறியல்லையே?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

"நீங்க ஒண்டும் திங்கல்லையே. படுங்க" என்றாள் ஜுனைதா. அன்றுதான் அவர் அழாமல் தூங்கினார்.

அதன்பிறகு பன்னிரண்டு வருஷம் நோன்பு மாதம் முழுக்க மரியாயி வந்து பகல் சாப்பாடு சாப்பிட்டாள். சில்வெஸ்டர் பலீலின் சீனியைச் சோதித்துவிட்டு மரியாயிக்குப் பத்தியம் எழுதிக் கொடுத்தார். ஒருமுறை அவள் ஆசைப்பட்டு இரண்டு துண்டு இனிப்பு வட்டிலப்பம் தின்றுவிட, பலீல் மூன்று நாள் படுக்கையில் கிடந்தார்.

1974 பங்குனியில், நோன்புக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கும்போது, வயிறாரச் சாப்பிட்டு எழுந்த பலீலைப் பசி பிடித்தது. ஜுனைதா இன்னொரு தட்டு வைத்தாள். பசி அசையவில்லை. மூன்றாம் நாள், தோட்டத்தில் அரிசியும் மாவும் இல்லாமல் லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த கூலியாட்கள் இலைதழைகளை அவித்துத் தின்கிறார்கள் என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். அது யாருடைய பசி என்று பலீலுக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்கத்தில் அவருக்குக் கண் கலங்கியது.

பள்ளிவாசலுக்கே ஊன்றுகோலோடு போகிறவர், சோற்றுச் சட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறினார். மரியாயி லயத்துக் காம்பராவில் சுருண்டு கிடந்தாள்.

"நோன்பு இன்னும் வரலையே, பலீல் நானா?" என்றாள்.

"வந்திட்டுது. சாப்பிடு."

அவள் பாதி தின்றுவிட்டு, மீதியை அடுத்த காம்பராவிலிருந்த கிருஷ்ணம்மாவுக்குக் கொடுத்தாள். கிருஷ்ணம்மா சாப்பிட்டபோதும் பலீலின் வயிறு நிறைந்தது. மறுநாள் அவர் இன்னும் பெரிய சட்டியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு ஏறினார்.